ஆவி படியாத கண்ணாடி

மிக்கேலி
11 அக்டோபர் 2022

அன்புள்ள தம்பி தானெலி,

கைபேசியில் என் எண்ணைத் தடுத்துவிட்டாய் என்பது எனக்கு நேற்றுத்தான் புரிந்தது. அதுவரை உன் கைபேசிதான் கெட்டுப்போயிற்று என்று நினைத்து, விடாமல் அழைத்துக்கொண்டிருந்தேன். அதனால் தபால். தபால்காரரைத் தடுக்க உனக்கு வழியில்லை.

நெற்றிக் காயம் எப்படி இருக்கிறது? தையல் போட்டார்களா? சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் சானா நீராவிக் குளியலுக்குக்கூட நிற்காமல், நெற்றியில் கட்டோடு ஓவ்லு வரைக்கும் வண்டி ஓட்டிக்கொண்டு போய்விட்டாய். நீ வருவாய் என்று வாங்கி வைத்த சாஸேஜை நானும் பக்கத்து வீட்டு நாயும் தின்றோம்.

கோபம் உனக்கு என்றால் எனக்கும்தான். புதிதாக வருகிறவர்களிடம் சொல்வதை உன்னிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் துப்பாக்கியிலிருந்து வருவது பிளாஸ்டிக் குண்டு. முதுகில் பட்டால் சிவக்கும், ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடலாம். கண்ணில் பட்டால் கண் போய்விடும். ஆட்டம் நடக்கும் காட்டுக்குள் கவசக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்பது அதனால்தான். நம் ஏர்சாஃப்ட் குழுவில் உடைக்கவே முடியாத விதி அது ஒன்றுதான். நீ குவாரி மேட்டில் நின்றுகொண்டு, குண்டு பறக்கும்போது, அந்தக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாய். எதிரணியில் இருந்த ரிஸ்தோ சுட்டது உன் வலது புருவத்துக்கு மேலே பட்டது. ஒரு விரல் கீழே பட்டிருந்தால்? ரிஸ்தோ அன்றிலிருந்து துப்பாக்கியைத் தொடவில்லை. அவன் என்ன தவறு செய்தான், சொல்.

பாதுகாப்புப் பொறுப்பாளர் நான். வேறு யார் செய்திருந்தாலும் கோடை தொடங்கும்வரை தடை போட்டிருப்பேன். தம்பி என்பதற்காகக் குறைக்க மாட்டேன்.

நான் கத்தியதில் சில வார்த்தைகள் அதிகம் என்று தெரியும். அதைப் பற்றி நேரில் பேசலாம். எண்ணைத் திறந்துவிடு.

அக்கா
விர்பி

—

ஓவ்லு
23 அக்டோபர் 2022

விர்பி,

மூன்று தையல். ஆறிவிட்டது.

தடையைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. நீ கோடை வரைக்கும் என்ன, ஆயுள் முழுக்கப் போடு. "சில வார்த்தைகள் அதிகம்" என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த வார்த்தைகளை நான் எழுதுகிறேன், நீ படி.

"உனக்கு இருக்கிறதே ஒத்தக் கண்ணு! அதையும் இந்தக் கல்லு மேல போட்டுட்டுப் போகப் போறியா?"

இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். என் இடது கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் தவிர எதுவும் தெரியாது என்பது அந்த நிமிடம் வரை அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. மழலைப் பள்ளியில் நல்ல கண்ணை மூடிக் கட்டுப்போட்டு, சோம்பேறிக் கண்ணை வேலை வாங்கப் பார்த்தார்களே, நினைவிருக்கிறதா? மற்றப் பிள்ளைகள் இடது பக்கமாக வந்து தலையில் தட்டிவிட்டு ஓடுவார்கள். அன்றைக்கே முடிவுசெய்தேன், இனி ஒருத்தருக்கும் தெரியக் கூடாது என்று. உன்னிடம் மட்டும்தான் விட்டுவைத்தேன்.

நீ கத்தி முடித்ததும் என்ன நடந்தது என்று நீ பார்க்கவில்லை. மருந்துப் பெட்டி எடுக்க ஓடிவிட்டாய். ஹைக்கி என் இடது பக்கம் வந்து நின்று கையை ஆட்டினான். "இது தெரியுதாப்பா?" என்று கேட்டான். அக்கறையாகத்தான் கேட்டான். அதனால்தான் அவனை அடிக்க முடியவில்லை.

இன்னொன்று. ஏன் ஏற்றினேன் என்று இதுவரை நீ கேட்கவே இல்லை. மழை. மேடேறி ஓடி வந்திருந்தேன். குளிருக்குக் கழுத்துத் துணியை மூக்கு வரை இழுத்திருந்தேன், விட்ட மூச்செல்லாம் மேலே போயிற்று. மூக்குக்கண்ணாடி முதலில் வெளுத்தது, அதற்கு மேல் போட்டிருந்த கவசக் கண்ணாடி பிறகு வெளுத்தது. இரண்டுக்கும் நடுவில் விரல் விட்டுத் துடைக்க முடியாது. பால் குடுவைக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: பக்கத்தில் எங்கோ குவாரியின் விளிம்பு இருக்கிறது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

பேக்கரி வேலையில் ஒவ்வொரு காலையும் அடுப்புக் கதவைத் திறந்தால் என் கண்ணாடி ஆவி பிடிக்கும். அசையாமல் நின்று, தெளியும்வரை காத்திருப்பேன். அடுப்பு என்னைச் சுடாது. ரிஸ்தோ சுடுவான்.

நீ கண்ணாடியே போட்டதில்லை. உனக்கு இது புரியாது.

இங்கே ஒரு குழுவில் சேரலாம் என்றிருக்கிறேன். கம்பிவலை வைத்த கவசம் வாங்கிவிட்டேன். கண்ணாடிச் சில்லே இல்லை, வலைதான். ஆவி படிய அதில் இடமே கிடையாது. பிரச்சினை தீர்ந்தது.

தானெலி

—

மிக்கேலி
2 நவம்பர் 2022

தானெலி,

வலையா? உனக்குப் புத்தி இருக்கிறதா?

இத்துடன் வரும் அட்டையைப் பார். பெட்டி அட்டையில் ஒரு முகம் வரைந்தேன். மூக்கு சரியாக வரவில்லை, மன்னித்துக்கொள். கடையில் ஒரு வலைக் கவசம் வாங்கி அந்த முகத்தில் மாட்டி, வேலியில் தொங்கவிட்டு, பத்தடியில் நின்று சுட்டேன். மலிவான குண்டு. வலை கிழியவில்லை, அதில் நீ சொன்னது சரி. ஆனால் குண்டு வலையில் பட்டு நொறுங்கியது. அட்டையில் கண் இருக்கும் இடத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகிறதா? நொறுங்கிய துணுக்குகள் வலைக்குள் புகுந்து ஒட்டியவை. அதைத் தடவிப் பார், மணல் மாதிரி இருக்கும். தபாலில் பாதி உதிர்ந்திருக்கும், மீதி போதும்.

இரண்டு கண் உள்ளவர்கள் அந்தத் துணிச்சலைக் காட்டட்டும்.

மேலே உள்ள வரியை அடிக்கலாம் என்று நினைத்தேன். மறுபடி அதே மாதிரி எழுதிவிட்டேன் என்று தெரிகிறது. ஆனால் அடித்தால் நீ வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பாய். இருக்கட்டும்.

நான் சொன்னதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு முறையும் அது ரிஸ்தோ, விதி, குவாரி என்று எங்கோ போய்விடுகிறது. உன் புருவத்திலிருந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்திருந்தது, தானெலி. கண்ணே போய்விட்டது என்று நினைத்தேன். வலது கண். அந்த நேரத்தில் வாயில் வந்தது அது. இதை மன்னிப்பாக நீ எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். நானும் அப்படி எழுதவில்லை.

வலையைத் தூக்கி எறி.

விர்பி

—

(அஞ்சல் அட்டை)

ஓவ்லு, 9 நவம்பர்

அட்டை முகம் வந்தது. மூக்கு உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் மாரித் அதைப் பார்த்துவிட்டு "யாருக்கு இவ்வளவு கோபம் உன் மேல?" என்று கேட்டாள். "எங்க அக்காவுக்கு" என்றேன். வலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தா.

—

ஓவ்லு
27 நவம்பர் 2022

விர்பி,

இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. வேலை முடிந்து வெளியே வரும்போதே இருட்டு.

ஆற்றோரம் இருக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். மூன்று கவசங்களை இரவல் கொடுத்து, "கண்ணாடிக்கு மேல போட்டுப் பாருங்க, சரிப்பட்டா காசு குடுங்க" என்றார். மூன்றையும் பேக்கரிக்கு எடுத்துப் போனேன். பின்முற்றத்தில் குளிரில் நின்று மூச்சு வாங்கும்வரை குதிப்பேன், பிறகு உள்ளே வந்து அடுப்பு வாயில் நிற்பேன். மாரித்துக்கு நான் பைத்தியம் என்பது உறுதியாகிவிட்டது. ஆனால் மூன்றாவது முறை அவளே கடிகாரம் பார்க்க வந்துவிட்டாள்.

முதலாவது ஒற்றைச் சில்லு, உள்பக்கம் ஆவி படியாத பூச்சு. புதிதாக இருக்கும்வரை சரி. ஒரு முறை துணியால் துடைத்தேன், பூச்சு கீறிக்கொண்டது, அதோடு போயிற்று. இரண்டாவது இரட்டைச் சில்லு. நம் வீட்டுக் குளிர்கால ஜன்னல் மாதிரி இரண்டுக்கும் நடுவில் காற்று. உள்சில்லு குளிர்வதில்லை, அதனால் ஆவி எளிதில் படிவதில்லை. இது எனக்குப் பிடித்தது. மூன்றாவது பார்க்க அழகு. ஆனால் என் மூக்குக்கண்ணாடி அதற்குள் நுழையவில்லை, தண்டு நெற்றிப்பொட்டில் அழுத்திப் பக்கவாட்டில் இடைவெளி விட்டது. அந்த இடைவெளியில் குண்டு நுழையும். வேண்டாம்.

இரண்டாவதில்கூட ஒரு தொல்லை. கவசம் தெளிவாக இருக்கிறது, உள்ளே என் மூக்குக்கண்ணாடி வெளுத்துவிடுகிறது. திருடனை வாசலில் நிறுத்திவிட்டேன், அவன் ஏற்கெனவே அடுக்களையில் இருக்கிறான்.

காண்டாக்ட் லென்ஸ் போடலாமே என்று கேட்பாய். கண் டாக்டரிடம் கேட்டேன். "இருக்கிற ஒரு கண்ணுல அதையும் வச்சு, ஏதாவது கிருமி வந்தா? நான் சொல்ல மாட்டேன்" என்றார். அவரும் ஒரு கண் என்றார், ஆனால் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் எழுது. கோபத்தில் கேட்கவில்லை. நம் ஆட்டத்தில் எத்தனை வார்த்தை இருக்கிறது? குண்டு பட்டால் "பட்டுடுச்சு" என்று கத்திவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டு, தனியாக வெளியே நடக்க வேண்டும். அவ்வளவுதான். அன்றைக்கு நானும் "பட்டுடுச்சு" என்று கத்தியிருக்கலாம். யாரும் சுட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த அடியைக் குவாரிக்குள் வைத்திருப்பேன். எதையும் ஏற்றாதே, கழற்றாதே என்று சொல்லும் உன் விதி, கண் தெரியாமல் போனவன் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. நீ பொறுப்பாளர். அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்?

தானெலி

—

மிக்கேலி
22 ஜனவரி 2023

அன்புள்ள தானெலி,

நீ கேட்டபோது உன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை மட்டும் அனுப்பினேன். பதில் இல்லாத ஒரு பொறுப்பாளர் தம்பிக்கு என்ன எழுதுவது?

சென்ற வாரம் பனிக்கால ஆட்டம். நான் எப்போதும் பொறுப்பாளரின் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்பேன், உனக்குத் தெரியும். இந்த முறை சட்டையை ஹைக்கியிடம் கொடுத்துவிட்டு நான் ஆடினேன். நாடகக் குழுவில் இருக்கும் ஒருத்தியிடம் பவர் இல்லாத வெறும் மூக்குக்கண்ணாடி இரவல் வாங்கி, அதற்கு மேல் நீ போட்டிருந்தாயே அதே மாதிரி ஒற்றைச் சில்லுக் கவசம் மாட்டிக்கொண்டேன். துணியையும் மூக்கு வரை இழுத்துக்கொண்டேன். தம்பிக்குப் புரிய வைக்கப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். நிதானமாக இருந்தால், மெதுவாக நடந்தால், பதறாமல் இருந்தால் இதெல்லாம் நடக்காது என்று உனக்கு எழுதப் பாதிக் கடிதம் மனதுக்குள் தயாராக இருந்தது.

பிர்ச் மரங்கள் இருக்கும் பக்கம், முழங்கால் வரை பனி. கொஞ்ச தூரம் ஓடினேன். முதலில் ஓரங்கள் போயின. பிறகு நடு. மரம் எது, ஆள் எது என்று தெரியவில்லை. எங்கோ பக்கத்தில் சுடும் சத்தம். அந்தக் காட்டில் எத்தனை வருஷம் நடந்திருக்கிறேன், எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை, தானெலி.

அப்போது ஒருவன் கத்தினான்: "விர்பி! கையை எடு! கையை எடு!"

ரிஸ்தோ. அன்றைக்குத்தான் மறுபடி ஆட வந்திருந்தான். எதைச் சொல்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, என் கட்டைவிரல் கவசத்தின் கீழ் விளிம்புக்குள் போய்விட்டது. அதை நான் அனுப்பவில்லை. தானாகவே போயிருக்கிறது. பாதி ஏற்றியும்விட்டேன்.

அவன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து, தன் உடம்பால் என்னை மறைத்துக்கொண்டு நின்றான். "அப்படியே நில்லு. கண்ணை மூடிக்க. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான். சட்டைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தான். வண்டி நிற்குமிடம் வந்ததும் அவன் உட்கார்ந்து அழுதான். காப்பி கொடுத்தேன்.

அன்று மாலை குழுக் கூட்டத்தில் என் பெயரை நானே சொன்னேன். ஆட்டத்தின் நடுவே கவசத்தைப் பாதி ஏற்றியவர், கோடை வரை தடை. ஹைக்கி, "நீ முழுசா ஏத்தவே இல்லையே, பாதிதானே" என்றான். என் தம்பிக்கு யாரும் பாதி, கால் என்று கணக்குப் பார்க்கவில்லை என்றேன். ஆக நானும் வெளியே. மஞ்சள் சட்டை ஹைக்கியிடமே இருக்கிறது, அவனுக்கு அது சின்னது.

பிறகு உன் கேள்வியை அவர்கள் முன்னால் வாசித்தேன். கண்ணைப் பற்றிய வரிகளை விட்டுவிட்டு. எல்லோரும் வெகுநேரம் வாதாடினார்கள். கடைசியில் முடிவானது இது: கண் தெரியாமல் போனவர் உட்கார்ந்து, கவசத்தை இரண்டு கையாலும் முகத்தோடு அழுத்திக்கொண்டு, "மூட்டம்!" என்று கத்த வேண்டும். கேட்டவர்கள் எல்லோரும் அதையே கத்த வேண்டும். காடு முழுக்கச் சுடுவது நிற்கும். அருகில் இருப்பவர், எந்த அணியானாலும், அவரை வெளியே கூட்டிவர வேண்டும். இந்த விதியை எழுதியது நீ. நான் நகல் எடுத்தேன்.

இப்போது மற்றது. உன் கண் உன்னுடையது. அதைப் பற்றி யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதும் உன்னுடையது. நான் பயந்தேன் என்பது உண்மை. பயந்தவர்கள் எல்லோரும் அடுத்தவர் ரகசியத்தை எடுத்து வீசுவதில்லை. என்னை மன்னித்துவிடு. நீ மன்னிக்க நாளானாலும் பரவாயில்லை, கவசம் மட்டும் சரியானதாக வாங்கு.

உன் அக்கா
விர்பி

—

ஓவ்லு
12 மார்ச் 2023

அக்கா,

உன் கடிதத்தை மாவு படிந்த கையோடு படித்தேன், இப்போது அது ரொட்டி மாதிரி இருக்கிறது. பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மன்னிப்பைப் பற்றி எப்படி எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை, நம் வீட்டில் யாருக்கும் அது வராது. ஆகவே கவசத்தைப் பற்றி எழுதுகிறேன்.

ரிஸ்தோவிடம் சொல், அவன் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை.

அடுக்களைத் திருடனைப் பிடித்துவிட்டேன். அதே இரட்டைச் சில்லுக் கவசம், ஆனால் நெற்றிப் பக்கம் ஒரு சின்ன மின்விசிறி வைத்தது. பாட்டரி போட்டால் உள்ளே இருக்கும் ஈரக் காற்றை வெளியே இழுத்துத் தள்ளுகிறது. குண்டைத் தாங்கும் என்ற தரக்குறி சில்லிலேயே பொறித்திருக்கிறது. அதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று கடைக்காரர் இரண்டு முறை சொன்னார். கழுத்துத் துணியை விட்டுவிட்டேன். வாய்க்கு மட்டும் காற்றுப் போகும் மூடி. மூக்குக்கண்ணாடியில் ஆட்டத்துக்கு முன்னால் தடவும் களிம்பு. அடுப்பு வாயில் பத்து நிமிடம் நின்றேன். ஏலக்காய் பன் மேலிருந்த சர்க்கரைத் துகள்வரை தெரிந்தது.

ஒரே ஒரு குறை. விசிறி சத்தம் போடுகிறது. தேனீயைத் தலையில் கட்டிக்கொண்டு அலைகிற மாதிரி. கடைக்காரரே சொன்னார்: "ஒளிஞ்சு ஆடுறவங்களுக்கு இது ஒத்துவராது, தம்பி. நீங்க வர்றது முன்னாடியே தெரிஞ்சிடும்." நான் எப்போதும் ஒளிந்து ஆடுபவன்தான், உனக்குத் தெரியும். ஓடி முன்னால் போகிறவன் இல்லை. ஒரு வேருக்குப் பின்னால் படுத்தால் மதியம் வரை படுத்திருப்பேன்.

இரண்டு வாரம் யோசித்தேன். வாங்கிவிட்டேன்.

இங்கே குழுவில் சேர்ந்திருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் முதல் ஆட்டம். தடை உங்கள் காட்டுக்குத்தானே, இந்தக் காட்டுக்கு இல்லையே? இங்கே தடை இல்லை என்றால் மட்டும் எழுது.

தானெலி

—

மிக்கேலி
20 மார்ச் 2023

தம்பி,

எங்கள் தடை எங்கள் காட்டோடு முடிந்தது. போ. ஆடு.

பாட்டரி ஒன்று கூடுதலாகப் பையில் வைத்துக்கொள். குளிரில் அது சீக்கிரம் இறங்கும்.

அக்கா

—

ஓவ்லு
1 மே 2023

அன்புள்ள அக்கா,

நேற்று ஆடினேன். இன்று ஊரே மே தினக் கொண்டாட்டத்தில், பள்ளி முடித்தவர்கள் போடும் வெள்ளைத் தொப்பியோடு தெருவில் நிற்கிறது, நான் கால்வலியோடு படுத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன்.

ஆட்டம் தொடங்கும் முன், இங்கே பொறுப்பாளராக இருக்கும் சைலா என்பவர் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து, உன்னை மாதிரியே கத்தினார். கடைசியில், "நாங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார். ஒருவனுக்கு முழங்கால் வலி. ஒருத்திக்கு ஆஸ்துமா. பிறகு சைலா என் பக்கம் திரும்பினார். நான் இங்கே யாருக்கும் தெரியாதவன். பேசாமல் இருந்தால் இன்னும் முப்பது வருஷம் பேசாமல் இருக்கலாம்.

"எனக்கு இடது கண்ணு தெரியாது," என்றேன். "அந்தப் பக்கமா வந்தா, வர்றேன்னு சத்தம் குடுங்க. சுடறதுன்னா குடுக்க வேண்டாம்."

கடைசி வார்த்தைக்குச் சிரித்தார்கள். யாரும் கையை ஆட்டிப் பார்க்கவில்லை. சைலா தலையசைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். அவ்வளவுதான், அக்கா. அவ்வளவுதான் அது. நான் இத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு அலைந்தது அவர்களுக்கு முழங்கால் வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் நடுவில் ஒரு இடத்தைத்தான் பிடித்தது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"மூட்டம்" விதியையும் சொன்னேன். சைலாவுக்குப் பிடித்துப்போயிற்று, அங்கேயே சேர்த்துக்கொண்டார். மதியத்துக்குப் பிறகு ஒருவன் கத்தவும் கத்தினான், நான் இல்லை. காடு முழுக்க அந்த ஒரே வார்த்தை மரத்துக்கு மரம் தாவிப் போயிற்று, பிறகு சத்தமே இல்லை. குருவிச் சத்தம் கேட்டது. எதிரணிக்காரன் அவன் சட்டையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரிஸ்தோவும் நீயும் நினைவுக்கு வந்தீர்கள்.

உன் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. போன மாதமே போய்விட்டது என்று நினைக்கிறேன், எழுத வரவில்லை. நீ சொன்ன அந்த வாக்கியம் மட்டும் இன்னும் சில நாள் காதில் கேட்கும். அதை ஒத்துக்கொள். அதையும் வைத்துக்கொண்டுதான் ஜூனில் வரப்போகிறேன்.

எத்தனை பேரை வீழ்த்தினேன் என்று கேட்காதே. ஒளிந்து ஆட முடியாததால் ஓடி ஆட வேண்டியதாயிற்று. என் அணியில் அதிகம் ஓடியது நான்தான், அதிகம் சுடப்பட்டதும் நான்தான். முதுகெல்லாம் சிவப்பு. ஆனால் நாள் முழுக்க எனக்கு எல்லாம் தெரிந்தது: சேற்றில் பாதி கரைந்த பனி, ஆல்டர் மரத்தின் பூங்கொத்து, தூரத்தில் நகர்ந்த ஒரு தோள்.

சாயங்காலம் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எதிரணியில் இருந்த பிஹ்லா என்ற பெண், என்னை நான்கு முறை சுட்டவள், என் இடது பக்கமிருந்து, சாஸேஜைக் குச்சியில் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"உங்க தலையில இருக்கிற அந்த வண்டு ரீங்காரம் காட்டோட அந்தக் கோடியில கேக்குது. ஒளிஞ்சிருக்கிறப்போவாவது அணைச்சு வைக்கலாமே?"

"அணைச்சா நீ எனக்குத் தெரிய மாட்டே" என்றேன்.

அவள் குச்சியைத் திருப்புவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து சுற்றி வந்து, என் வலது பக்கம் உட்கார்ந்தாள்.

உன் தம்பி
தானெலி